வெள்ளை பேன்ட்டில் செம்மண்: பிள்ளைகளின் பேஸ்பால் சீருடைக் கறையை எடுப்பது எப்படி?

அமெரிக்காவில் மார்ச் பிறந்தால் சிறுவர்களுக்கான பேஸ்பால் போட்டிகளான லிட்டில் லீக் ஆட்டங்கள் களைகட்டிவிடும். ஜார்ஜியா, வட கரோலைனா பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அதோடு ஒரு புதுத் தலைவலியும் வந்து சேரும். காலையில் வெள்ளை வெளேரென்று போன பேன்ட், மதியம் முட்டியிலும் தொடையிலும் செங்கல் நிறத்தில் திரும்பி வரும். வாஷிங் மெஷினில் போட்டு, ப்ளீச் ஊற்றி, டிரையரில் காய வைத்து எடுத்தால் கறை போயிருக்காது. அப்போதுதான் இஸ்திரி போட்டதுபோல ஆரஞ்சாகப் படிந்து உட்கார்ந்திருக்கும்.

இதில் சோப்பையோ மெஷினையோ குறை சொல்லிப் பயனில்லை. மண் கறை சாயக் கறை அல்ல. காபி, மஞ்சள், ஜூஸ் போன்றவை நூலுக்குள் இறங்கி நிறம் ஏற்றுபவை. அந்த நிறத்தைச் சிதைத்தால் கறை போய்விடும். மண் அப்படியில்லை. அது துகள். நூல்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டிருக்கும் துகளை முதலில் வெளியே தள்ள வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு நிறம் மிஞ்சினால், அது இரும்பு. அதற்கு வேறு மருந்து. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மைதானத்தில் இருப்பது என்ன மண்?

பேஸ்பாலில் ஓடுபவர் அடுத்த பேஸை, அதாவது ஓடிச் சேர வேண்டிய அடுத்த இடத்தை, தொடுவதற்கு முன் எதிரணியினர் பந்தோடு அவரைத் தொட்டுவிட்டால் அவுட். அதைத் தவிர்க்க, கடைசி சில அடிகளில் தரையில் விழுந்து தொடையும் இடுப்பும் உரசச் சறுக்கிக்கொண்டு போவார்கள். இதுதான் ஸ்லைடிங். லிட்டில் லீக்கில் ஒரு பேஸுக்கும் அடுத்ததற்கும் 60 அடி. அந்தப் பாதை பெரும்பாலும் புல்தரை அல்ல. மணல், வண்டல், களிமண் மூன்றும் கலந்து இறுக்கிய தரை.

இந்த மூன்றில் மணலால் தொல்லையில்லை. உதறினாலே விழுந்துவிடும். வண்டல் தண்ணீரில் ஓடிவிடும். வில்லன் களிமண்தான். ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான அளவு. தட்டையான தகடு போன்ற வடிவம். பேன்ட்டின் பின்னலுக்குள் புகுந்துகொள்ள இதைவிட வசதியான உருவம் கிடையாது. ஜார்ஜியா, அலபாமா, கரோலைனா வட்டாரங்களில் அந்தக் களிமண்ணோடு இரும்பு ஆக்சைடும் சேர்ந்திருக்கும். மண்ணுக்குச் செந்நிறம் வருவது அதனால்தான். செம்மண் இல்லாத மாநிலங்களிலும் தப்பிக்க முடியாது. தரையின் ஈரத்தைச் சமன் செய்யச் சூளையில் சுட்ட களிமண் குறுணையை மேலே தூவுவார்கள், அதில் பல வகை செங்கல் நிறம்.

பேன்ட் துணியின் குணம்

பிள்ளைகளுக்கான பேஸ்பால் பேன்ட் பெரும்பாலும் பாலியஸ்டர், அதுவும் கனமான இரட்டைப் பின்னல். பாலியஸ்டர் இழை தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. இதில் ஒரு நன்மையும் ஒரு கெடுதலும் உண்டு. மண்ணின் நிறம் இழைக்குள் இறங்காது, அது நன்மை. ஆனால் பாலியஸ்டருக்கு எண்ணெய்ப் பசை மிகவும் பிடிக்கும். வியர்வையோடு வரும் தோல் எண்ணெய், சன்ஸ்கிரீன் இரண்டும் இழை மீது படிந்து, களிமண்ணுக்குப் பசை தடவிக் கொடுத்துவிடும். அதனால் மண்ணை எடுக்கிறோம் என்றால் எண்ணெயையும் சேர்த்தே எடுக்க வேண்டியிருக்கிறது.

துணி மென்மையாக்கும் திரவத்தை, அதாவது ஃபேப்ரிக் சாஃப்ட்னரை, சீருடைக்கு ஊற்றவே வேண்டாம் என்பதும் இதனால்தான். அதுவும் இழை மீது ஒரு படலமாகத் தங்கிவிடும். அடுத்த ஆட்டத்தின் மண் அதில் ஒட்டிக்கொள்ளும்.

ஈரத்தோடு கையை வைக்காதீர்கள்

வெள்ளை வேட்டியில் குங்குமம் கொட்டினால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? ஈரக் கையால் துடைக்க மாட்டோம், உதறுவோம். களிமண்ணும் அப்படித்தான். மைதானத்திலிருந்து வந்ததும் பதறிப்போய் ஈரத் துணியால் தேய்த்தால், மேலே இருக்கும் சேறு பின்னலுக்குள் இறங்கிவிடும். பேன்ட்டை விரித்துப் போட்டு முழுக்கக் காயவிடுங்கள். பைக்குள் சுருட்டிக் காரின் டிக்கியில் மறந்துவிட்டால் பூஞ்சை பிடிக்கும். அந்தக் கரும்புள்ளிகள் மண்ணைவிடப் பிடிவாதமானவை.

காய்ந்த பிறகு பெல்ட்டை உருவிவிடுங்கள். சிவப்பு, நீல பெல்ட்டின் தோல் நுனி ஈரத்தில் சாயம் விடும். பாக்கெட்டுகளை வெளியே இழுத்துப் பாருங்கள். ஆட்டத்தின்போது கொறிக்கும் சூரியகாந்தி விதையின் தோலும் சூயிங்கமும் அநேகமாக இருக்கும். பேன்ட்டை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் நன்றாக உதறி, நைலான் பிரஷ்ஷால் ஒரே திசையில் தட்டித் துலக்குங்கள். கால் பகுதியின் கீழ் எலாஸ்டிக் மடிப்பில் ஒரு கரண்டி மண்ணாவது தேங்கியிருக்கும். அதை விட்டுவிட்டால் அலசும்போதெல்லாம் சிவப்புத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும்.

தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து அடிக்க வேண்டும்?

பேன்ட்டை உள்பக்கம் வெளியே வருமாறு புரட்டிக்கொள்ளுங்கள். மண் எந்த வழியாக நுழைந்ததோ அந்த வழியாகவே திரும்பிப் போக வேண்டும். தோட்டக் குழாயின் முனையை ஊசிப் பாய்ச்சலில் வைத்து, குளிர்ந்த தண்ணீரை உள்பக்கத்திலிருந்து கறையின் மீது பீய்ச்சுங்கள். மண் பட்ட பக்கமிருந்து அடித்தால் துகள் இன்னும் ஆழத்துக்குப் போகும். வடியும் தண்ணீர் தெளிவாகும்வரை நிறுத்த வேண்டாம். இந்த இடத்தில் அவசரப்படுகிறவர்கள்தான் பிறகு ரசாயனத்தைத் தேடி அலைகிறார்கள். பொறுமையாக அடித்தால் சோப்பு தொடுவதற்கு முன்பே கறை கண்கூடாக வெளுத்துவிடும்.

சிலர் வேலியில் பேன்ட்டை மாட்டிப் பிரஷர் வாஷரால் அடிப்பார்கள். அது நன்றாகவே வேலை செய்யும், இரண்டு நிபந்தனைகளோடு. நீரை 40 டிகிரி அகலத்துக்கு விரித்துத் தெளிக்கும் வெள்ளை முனையை மட்டும் மாட்ட வேண்டும். துணிக்கும் முனைக்கும் நடுவே ஒன்றிரண்டு அடி இடைவெளி வேண்டும். சிவப்பு முனை நீரை ஒற்றைக் கோடாகப் பாய்ச்சும். பின்னலைக் கிழித்துவிடும், தோலில் பட்டால் சதையையும் கிழிக்கும். பிள்ளை பேன்ட்டைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது விளையாட்டுக்குக்கூட அடிக்கக் கூடாது.

சோப்புக் கட்டியும் பிரஷ்ஷும்

இப்போது பேன்ட்டை மறுபடி புரட்டி, வெளிப்பக்கத்துக் கறையை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, சலவை சோப்புக் கட்டியை நேராகத் தேயுங்கள். அமெரிக்காவில் ஃபெல்ஸ்-நாப்தா என்ற மஞ்சள் கட்டி இதற்குப் பெயர்போனது. ஊரில் பார் சோப்பால் துணி துவைத்துப் பழகியவர்களுக்குச் சொல்லித் தரவே வேண்டாம். அதே வேலை, அதே கை. கட்டி இல்லையென்றால் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு தேக்கரண்டி போதும். எண்ணெய்ப் பசையைக் கரைக்க அதுவும் கெட்டிக்காரப் பொருள்தான்.

நுரை கறையை முழுக்க மூடியதும் 15 முதல் 30 நிமிடம் விடுங்கள். அதற்குள் காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்தால் சோப்பு தூக்கிவைத்த மண் திரும்ப அதே இடத்தில் இறங்கும். பிறகு பிரஷ்ஷால் நீளவாக்கில் கொஞ்சம், குறுக்குவாக்கில் கொஞ்சம், மெதுவாகத் தேய்த்து அலசுங்கள். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். அது இழையை அறுத்துப் பஞ்சு கிளப்பிவிடும், பஞ்சு கிளம்பிய இடத்தில் அடுத்த ஆட்டத்தின் மண் இரட்டிப்பாகப் பிடிக்கும்.

ஊறவைப்பது

ரத்தக் கறை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முட்டி சிராய்த்திருந்தால் அந்த இடத்தைக் குளிர்ந்த நீரில் அலசி எடுத்த பிறகே வெந்நீருக்குப் போக வேண்டும். சூடு பட்டால் ரத்தப் புரதம் உறைந்து ஒட்டிவிடும்.

ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் 4 லிட்டர் வெந்நீர். அமெரிக்க வீடுகளில் வாட்டர் ஹீட்டரை 120 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 49 செல்சியஸில் வைத்திருந்தால் குழாய் வெந்நீரே போதும். அதில் 2 மேசைக்கரண்டி சலவைத்தூள், கால் கப் ஆக்சிஜன் ப்ளீச் தூள் (ஆக்ஸிகிளீன் வகை) போட்டு, தூள் முழுக்கக் கரைந்த பிறகு பேன்ட்டை அமுக்கிவிடுங்கள். குறைந்தது 2 மணி நேரம். பழைய கறையென்றால் இரவு முழுக்க. ஆக்சிஜன் ப்ளீச் என்பது சோடியம் பெர்கார்பனேட். தண்ணீரில் கரைந்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சலவை சோடாவையும் வெளிவிடும். புல், வியர்வை, உணவுக் கறைகளின் நிறத்தை எடுக்கும். இரும்பின் நிறத்தை எடுக்காது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் ஏமாற்றம் இருக்காது.

சலவைத்தூளா, திரவமா என்று கேட்டால் மண்ணுக்குத் தூள்தான். காரணம் தண்ணீரின் கடினத்தன்மை. கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் களிமண் தகட்டுக்கும் துணிக்கும் நடுவே பாலம் போட்டு இரண்டையும் ஒட்டிவைக்கும். தூளில் இருக்கும் சோடாவும் மற்ற மென்மையாக்கிகளும் அந்தக் கால்சியத்தைப் பிடித்து விலக்கிவிடும். டெக்சாஸ், அரிசோனா போலக் கடின நீர் வரும் இடங்களில் ஊறவைக்கும் நீரில் ஒரு மேசைக்கரண்டி சலவை சோடாவைக் கூடுதலாகச் சேருங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

மெஷினில் போடும்போது

சீருடை பேன்ட்டை வீட்டுத் துணியோடு சேர்க்காதீர்கள். மண் ஒரு துணியிலிருந்து கழன்று இன்னொன்றில் படியும். இரண்டு மூன்று பேன்ட் மட்டும், அழுக்குத் துணிக்கான முழு அளவு சலவைத்தூள், ஹெவி டியூட்டி சுழற்சி, கூடுதலாக ஒரு அலசல். புதிய மெஷின்கள் தண்ணீரை மிகவும் சிக்கனமாக எடுக்கும். கழன்ற களிமண் கலங்கி வெளியேற அந்தத் தண்ணீர் போதாது. 'டீப் வாட்டர்' அல்லது 'பல்கி' என்று பொத்தான் இருந்தால் அதைப் போடுங்கள்.

முடிந்ததும் டிரையரில் போடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே வெயிலில் பிடித்துப் பாருங்கள். டிரையர் சூட்டில், மிச்சமிருக்கும் எண்ணெய்ப் பசையும் மண்ணும் இறுகிவிடும். பாலியஸ்டர் கொடியில் போட்டாலே சில மணி நேரத்தில் காய்ந்துவிடுகிற துணி; சீருடை பேன்ட்டுக்கு டிரையரே தேவையில்லை என்பதுதான் எங்கள் கருத்து.

மிச்சம் தெரிவது மண்ணா, இரும்பா?

வெயிலில் பிடித்துப் பார்க்கும்போது இரண்டு விதமான மிச்சம் தெரியலாம். பின்னலின் குழிகளில் புள்ளி புள்ளியாகப் பழுப்போ சாம்பலோ தெரிந்தால் அது இன்னும் வெளியேறாத துகள். விரல் நகத்தால் சுரண்டினால் நிறம் சற்று மாறும். ரசாயனம் வேண்டாம்; உள்பக்கத் தண்ணீர்ப் பாய்ச்சலிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

அப்படியில்லாமல், தேய்த்தாலும் மாறாத ஒரே சீரான ஆரஞ்சுச் சாயலாக இருந்தால் அது இரும்பு ஆக்சைடு. இதற்கு ஒடுக்கும் ரசாயனம், அதாவது ஆக்சிஜனேற்றத்துக்கு நேர்மாறான வேலை செய்யும் பொருள், தேவை. கடையில் 'அயர்ன் அவுட்' என்ற தூள் கிடைக்கும். அதன் வேலையாள் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட். தண்ணீரில் கரையாத இரும்பைக் கரையும் இரும்பாக மாற்றி நீரோடு அனுப்பிவிடும். உறையில் வெள்ளைத் துணி ஊறவைக்கக் குறிப்பிட்டிருக்கும் அளவை அப்படியே பின்பற்றுங்கள். கையுறை கட்டாயம், ஜன்னலைத் திறந்து வையுங்கள், கந்தக நெடி வரும். ஆரஞ்சு மறைந்ததும் உடனே எடுத்துவிடுங்கள். ஜிப், கொக்கி போன்ற உலோகங்கள் அதில் மணிக்கணக்கில் ஊறக் கூடாது.

இங்கே பலரும் ஒரு படியைத் தாண்டிவிடுகிறார்கள். எடுத்தவுடன் வெறும் தண்ணீரில் மூன்று நான்கு முறை அலச வேண்டும். அதன் பிறகே சலவைத்தூள். கரைந்த இரும்பு துணியில் இருக்கும்போதே காரமான சலவைத்தூள் பட்டால் அது திரும்பப் படியும்; காற்று பட்டதும் துருவாக மாறிவிடும். போன கறை மறுநாள் வந்துவிட்டதே என்று வியப்பவர்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

இந்தத் தூள் வெள்ளைத் துணிக்கு மட்டும். சிவப்பு, நீலக் கோடு வைத்த பேன்ட்டாக இருந்தால் முதலில் உள்மடிப்பில் ஒரு சொட்டு வைத்துச் சோதியுங்கள். சாயத்தையும் சேர்த்து வெளுக்கும் வல்லமை அதற்கு உண்டு. சாதாரண ப்ளீச், வினிகர், எலுமிச்சைச் சாறு எதனோடும் கலக்கக் கூடாது. நச்சு வாயு வரும். தூளை ஈரம் படாத இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். துரு நீக்கும் திரவங்களில் சில ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கொண்டவை. அந்தப் பெயர் புட்டியில் இருந்தால் கடையிலேயே வைத்துவிடுங்கள். தோல் வழியாக உள்ளே இறங்கிப் பெருங்கேடு செய்யும் அமிலம் அது, ஒரு பேன்ட்டுக்காக வீட்டுக்குள் வரக் கூடாது.

குளோரின் ப்ளீச் ஏன் கூடாது?

ப்ளீச் நிறத்தைப் போக்குவது ஆக்சிஜனேற்றம் செய்து. செம்மண்ணிலுள்ள இரும்பு ஏற்கெனவே முழுக்க ஆக்சிஜனேற்றம் ஆனது. ப்ளீச்சுக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை. மாறாக, இடுப்பு எலாஸ்டிக்கையும் ஸ்பாண்டெக்ஸ் என்ற இழுபடும் இழையையும் அரித்து மஞ்சளாக்கும். வினிகரோடும் துரு நீக்கிகளோடும் சேர்ந்தால் குளோரின் வாயுவே வெளிவரும். சீருடை துவைக்கும் நாளில் அந்தப் புட்டியைக் கையில் எடுக்காமல் இருப்பதே நல்லது.

ஜெர்சிக்கு வேறு மரியாதை

ஜெர்சியில் எண்ணும் பெயரும் பெரும்பாலும் சூட்டில் அழுத்தி ஒட்டியவை. பிரஷ்ஷும் வெந்நீரும் டிரையரும் பட்டால் ஓரம் கிளம்பிவிடும். உள்பக்கம் புரட்டி, குளிர்ந்த நீரில், மென்மையான சுழற்சியில் துவைத்து நிழலில் போட்டால் போதும். இரண்டு நிற ஜெர்சியை ஈரத்தோடு குவித்து வைத்தால் அடர் நிறம் வெள்ளைப் பகுதிக்கு இறங்கும், துவைத்ததும் விரித்துவிடுங்கள்.

காலரிலும் தோளிலும், மண்ணே படாத இடத்தில், துவைத்த பிறகு ஆரஞ்சுத் திட்டுத் தெரிந்தால் குழம்ப வேண்டாம். பல சன்ஸ்கிரீன்களில் இருக்கும் அவோபென்சோன், தண்ணீரிலுள்ள இரும்போடு சேர்ந்து துரு நிறம் காட்டும். கிணற்று நீர் உள்ள வீடுகளில் இது அதிகம். முதலில் பாத்திர லிக்விடால் எண்ணெயை எடுத்துவிட்டு, ஒரு கப் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் கரைத்து அரை மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். நிற ஜெர்சியென்றால் இதையும் உள்மடிப்பில் சோதித்துக்கொள்ளுங்கள்.

மற்ற கறைகளுக்கு இவ்வளவு பாடில்லை. புல் கறைக்கு என்சைம் உள்ள சலவைத் திரவத்தைத் தடவி அரை மணி நேரம் விடுங்கள். போகாத பச்சைக்கு 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு ஒற்றுங்கள். வெயில் கூசாமலிருக்க ஆட்டக்காரர்கள் கண்ணுக்குக் கீழே பூசும் கருமை, மெழுகும் கரியும் கலந்தது. பாத்திர லிக்விடுக்குக் கட்டுப்படும். மைதானத்தில் கோடு போடும் வெள்ளைத் தூளைக் காயவைத்து உதறினால் போதும்.

சனி, ஞாயிறு அடுத்தடுத்து ஆட்டம் இருந்தால்

முழுச் சடங்குக்கும் நேரம் இருக்காது. காயவிட்டு உதறுவது, உள்பக்கத்திலிருந்து தண்ணீர் அடிப்பது, சோப்புக் கட்டி, குளிர்ந்த நீரில் ஒரு துவையல், கொடியில் உலர்த்தல், அவ்வளவுதான். ஊறவைப்பதையும் இரும்பு வேலையையும் வார நாளுக்குத் தள்ளலாம், தப்பில்லை. இரண்டு பேன்ட் வாங்கிவைப்பது ரசாயனம் வாங்குவதைவிடப் புத்திசாலித்தனமான செலவு. அணிக்குச் சீருடை தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால், எட்டு வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு வெள்ளை வேண்டாம், சாம்பல் நிற பேன்ட் கேளுங்கள். அந்த வயதில் பிள்ளைகள் ஸ்லைடு செய்வதைவிடத் தரையில் உட்கார்ந்து மண் அளைவதுதான் அதிகம், அதற்கு அவர்களைத் திட்டவும் கூடாது.

பருவம் முடிந்து பேன்ட்டை எடுத்துவைக்கும் முன், கண்ணுக்குக் கறை தெரியாவிட்டாலும், ஒருமுறை ஊறவைத்துத் துவைத்துவிடுங்கள். உள்ளே தங்கிய வியர்வையும் சன்ஸ்கிரீனும் அலமாரியில் இருந்தபடியே மஞ்சளாகும். எல்லாம் செய்த பிறகும் முட்டியில் மட்டும் ஒரு மங்கல் போகாமல் நின்றால், அந்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் அது கறையே அல்ல. சறுக்கிச் சறுக்கி இழை தேய்ந்து பஞ்சு கிளம்பியிருக்கிறது. அதை எந்தச் சோப்பும் சரிசெய்யாது. அந்த பேன்ட்டைப் பயிற்சி நாட்களுக்கு ஒதுக்கிவிடுங்கள்.